பழைய புகைப்படங்களைத் தேடி, வாங்கி, காத்து வைப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் ஒன்றின் பின்கட்டில், சுவரோடு சாய்த்து அடுக்கியிருந்த தேக்குச் சட்டங்களைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய எல்லாச் சட்டத்துக்குள்ளும் ஒரு குடும்பம் இருந்தது. ஒரு தம்பதியரின் படத்தை எடுத்து விலை கேட்டபோது, கடைக்காரர், "சட்டத்துக்குத்தான் தம்பி விலை. படம் வேண்டாம்னா எடுத்துப் போட்டுட்டு, முகம் பார்க்கிற கண்ணாடி மாட்டித் தரேன்" என்றார். அவர் அக்கறையில்லாமல் பேசவில்லை. அவரிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கேட்பது அந்தத் தேக்கைத்தான்.

கேமராவோடு ஊர் சுற்றும் பழக்கம் உள்ள என்னைப் போன்றவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். படம் எடுக்கத் தெரிந்தவர், வேறொருவர் எண்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, குழந்தையின் கை ஏன் கலங்கியிருக்கிறது என்பதையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார். அந்தக் கண் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. பழகிக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பழைய புகைப்படத்தில் தெரியும் உருவம் அதன் ஒரு பாதி. ஒட்டியிருக்கும் அட்டை, முதுகில் உள்ள எழுத்து, சட்டம், அது கிடைத்த இடம், அதோடு கிடைத்த மற்றப் படங்கள் ஆகியவை மறு பாதி. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அந்த மறு பாதியை இழந்துவிடாமல் இருப்பதற்கானது.

எதைச் சேர்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கிடைத்ததையெல்லாம் வாங்கினால் இரண்டே ஆண்டுகளில் வீட்டில் இடமும் கையில் பணமும் தீர்ந்துவிடும். அதைவிட, ஒரு சிறு வட்டத்தை வரைந்துகொள்வது நல்லது. உங்கள் ஊரின் ஸ்டூடியோக்கள் மட்டும், பள்ளிக்கூட குரூப் போட்டோக்கள் மட்டும், பர்மா மலாயா சென்றவர்கள் அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பிய படங்கள் மட்டும் என்று எதுவாகவும் அது இருக்கலாம்.

நான் தேர்ந்தெடுத்தது கண்ணாடிப் படங்களை. பூப்பு நீராட்டு விழாவுக்கோ வளைகாப்புக்கோ பின்னலில் பூத்தைத்து அலங்கரித்த பெண்ணை, ஆளுயர நிலைக்கண்ணாடியின் முன் சற்றே திரும்பி நிற்கவைத்து எடுக்கும் படங்கள் அவை. முகம் நம்மைப் பார்க்க, முதுகில் தொங்கும் பின்னலும் தாழம்பூவும் ஜடைநாகமும் கண்ணாடிக்குள் தெரியும். நம் ஸ்டூடியோக்காரர்கள் ஒரே பிரேமில் ஒரு பெண்ணின் முன்னும் பின்னும் காட்டுவதற்காகக் கண்டெடுத்த உத்தி இது. கண்ணாடியில் தன் கேமராவும் முக்காலியும் விழாதபடி கோணம் பார்த்து வைக்க அந்தப் புகைப்படக்காரர் எவ்வளவு மெனக்கெட்டிருப்பார் என்பது, அதேபோல் ஒரு படத்தை நீங்களே எடுத்துப் பார்த்தால்தான் விளங்கும். என்னிடம் உள்ள ஒரு படத்தில் அவருடைய கவனம் சற்றுத் தப்பியிருக்கிறது. கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புத் துணியின் நுனியும் ஒரு வேட்டிக் கரையும் தெரிகின்றன. என் சேகரிப்பில் நான் மிகவும் நேசிக்கும் படம் அதுதான்.

எங்கே தேடுவது

முதலில் சொந்த வீட்டுப் பரணையும் அத்தை, பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டிகளையும் பாருங்கள். அங்கே கிடைக்கும் படங்களுக்கு மட்டும்தான், இன்னார் இவர் என்று விரல் வைத்துச் சொல்ல ஆள் இருக்கும். அந்த ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, மூடப்போகும் ஸ்டூடியோக்கள். கண்ணாடி நெகடிவ்களை வெள்ளி எடுப்பவர்களுக்கும், கழுவிய கண்ணாடியைச் சட்டம் போடுபவர்களுக்கும் எடைக்குக் கொடுத்துவிட்டதாகப் பழைய ஸ்டூடியோக்காரர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே, கடை மூடும் செய்தி கேட்டதும் போக வேண்டும். அடுத்த மாதம் போனால் வெறும் அலமாரிதான் இருக்கும். போகும்போது நெகடிவ்களை மட்டும் கேட்காதீர்கள். வாடிக்கையாளர் பெயரும் தேதியும் எழுதிய பழைய ரசீதுப் புத்தகங்களையும் கேளுங்கள். நெகடிவ் உறையில் உள்ள எண்ணும் அந்தப் புத்தகத்தில் உள்ள எண்ணும் சேர்ந்தால் முகத்துக்குப் பெயர் கிடைத்துவிடும்.

சென்னையில் சென்ட்ரல் அருகே உள்ள மூர் மார்க்கெட், 1985இல் எரிந்துபோன பழைய கட்டடத்தின் பெயரை இன்னும் சுமந்துகொண்டு, பழைய புத்தகங்களோடு சில சமயம் ஆல்பங்களையும் தருகிறது. புதுச்சேரியிலும், கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவிலும், மும்பை சோர் பஜாரிலும் பழம்பொருள் கடைகள் உண்டு. ஆனால் விலை குறைவாகவும் விவரம் அதிகமாகவும் கிடைப்பது உள்ளூர்ப் பழைய பேப்பர்க் கடையிலும் காயலான் கடையிலும்தான். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் கடைக்கு அது போய்ச் சேருவதற்குள் அந்தத் தகவல் மூன்று கை மாறி மறைந்துவிடும்.

இணைய ஏலத்தில் வாங்குபவர்கள், ஒரே குடும்பத்தின் ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகக் கிழித்துத் தனித்தனியாக விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கிழித்தால் கூடுதல் பணம் கிடைக்கிறது என்பதால் அப்படிச் செய்கிறார்கள். முடிந்தவரை தொகுப்பை முழுதாகக் கேளுங்கள். 2007இல் சிகாகோவில் ஜான் மலூஃப் என்ற இளைஞர், வாடகை கட்டாததால் ஏலத்துக்கு வந்த ஒரு சேமிப்பறைப் பொருள்களிலிருந்து ஒரு பெட்டி நிறைய நெகடிவ்களை வாங்கினார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்துகொண்டு தன் விருப்பத்துக்காக மட்டும் தெருக்களைப் படமெடுத்த விவியன் மேயரின் நெகடிவ்கள் அவை. அவற்றை எடுத்தவர் யார் என்று மலூஃப் கண்டறிந்தபோது, 2009இல், அவர் அப்போதுதான் இறந்திருந்தார். அந்தப் பொருள்கள் பலருடைய கைகளுக்குச் சிதறிப் போனதால், அவற்றை மீண்டும் ஒன்றுசேர்க்கவே பெரும் உழைப்பு தேவைப்பட்டது.

வாங்கும் முன் கையில் வைத்துப் பார்ப்பது

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லூப், ஒரு சிறிய டார்ச், ஒரு புறஊதா டார்ச், மென்மையான பென்சில், சில தாள் உறைகள் ஆகியவை போதும். படத்தை ஓரத்தில் பிடியுங்கள். முகத்தின் மேல் விரல் படக் கூடாது.

லூப்பை வைத்ததும், செய்தித்தாளில் தெரிவது போன்ற ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு, புகைப்படம் அல்ல. பல நிறத் துளிகள் தாறுமாறாகத் தெளித்தது போல் இருந்தால், பழைய சட்டத்துக்குள் அண்மையில் வைத்த இங்க்ஜெட் நகல். பழுப்பு நிறம் பழமைக்குச் சான்றாகாது. இன்று எந்தக் கைபேசியும் அந்த நிறத்தைக் கொடுத்துவிடும். இருட்டில் புறஊதா டார்ச்சை அடித்துப் பார்ப்பது நல்ல சோதனை. 1950களின் நடுவிலிருந்துதான் தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிரும் சாயங்கள் புகைப்படத் தாளில் பரவலாகச் சேர்க்கப்பட்டன. 1920ஆம் ஆண்டுப் படம் என்று கொடுக்கப்படுவது நீலவெண்மையாகப் பளிச்சிட்டால், அதை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

அடுத்து, எந்த முறையில் அச்சிடப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1850இல் அறிமுகமான ஆல்புமின் முறை, முட்டையின் வெள்ளைக்கருவைத் தாளில் பூசிச் செய்வது. லூப்பில் தாளின் நார்கள் தெரியும், மேற்பரப்பில் மிக நுண்ணிய வெடிப்புகள் ஓடும், வெளிச்சப் பகுதிகள் மஞ்சளித்திருக்கும். தாள் மெல்லியது என்பதால் பெரும்பாலும் தடித்த அட்டையில் ஒட்டியிருப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அதன் இடத்தைப் பிடித்த ஜெலட்டின் சில்வர் தாளில், தாளுக்கும் படத்துக்கும் இடையே ஒரு வெள்ளைப் பூச்சு உண்டு. அதனால் நார்கள் தெரியா. பழைய ஜெலட்டின் படத்தைச் சாய்த்துப் பிடித்தால், கரிய பகுதிகளின் ஓரத்தில் கண்ணாடி போல ஒரு நீல மினுமினுப்பு தோன்றும். அது படத்தில் உள்ள வெள்ளி மேலே வந்து படிவதால் உண்டாவது. பலர் அதை அழுக்கென்று துடைத்துவிடுகிறார்கள். துடைத்தால் படமே போகும்.

அளவும் பேசும். ஏறக்குறைய 6.4 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அட்டையில் ஒட்டியது, 1854இல் பாரிஸில் டிஸ்தேரி என்ற புகைப்படக்காரர் காப்புரிமை பெற்ற விசிட்டிங் கார்டு வகை. 10.8க்கு 16.5 சென்டிமீட்டர் இருந்தால் 1860களில் வந்து நெடுங்காலம் நிலைத்த கேபினட் வகை. நம் ஊர்களில் மிகுதியாகக் கிடைப்பது, அஞ்சலட்டைத் தாளிலேயே நேரடியாக அச்சிட்ட கார்டு சைஸ் படங்கள்.

சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையிலும் தஞ்சையிலும் எடுத்த படங்கள் நமக்குக் கடையில் கிடைக்கப்போவதில்லை. ஆனால் சென்னையின் நிக்கோலஸ், வீலே அண்ட் கிளைன், உதகையின் பென் போன்ற அக்காலப் புகைப்படக்காரர்களின் முத்திரை உள்ள அட்டைகள் எப்போதாவது தென்படும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் பெட்டிகளில் ரங்கூனின் கிளியர், கொழும்பின் பிளாட்டே ஆகியோரின் பெயர்களும் இருக்கக்கூடும். ஒரு குடும்பத்தின் வணிகம் எந்தக் கடலைத் தாண்டிப் போனது என்பதை அந்த அட்டைகள் காட்டிவிடுகின்றன.

வாங்கிய அன்றே எழுதுங்கள்

இது மிகச் சிறிய படி, ஆனால் விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காத படி. ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசை எண் கொடுத்து, வாங்கிய நாள், கடை இருந்த தெரு, விலை, கடைக்காரர் சொன்ன சொற்கள், அந்தப் படம் எந்தப் படங்களுக்கு நடுவே இருந்தது ஆகியவற்றை எழுதுங்கள். வாங்குவதற்கு முன்பே, அது கிடந்த நிலையில் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் முதுகில் எண்ணை மென்மையான பென்சிலால், கீழ் ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனா முன்பக்கத்தில் மேடாகத் தெரியும். மார்க்கர் மை ஊடுருவிப் போகும்.

சேகரிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், இடத்தை அடைக்கிறது என்று பன்னிரண்டு படங்களை அட்டையிலிருந்து நனைத்துப் பிரித்தெடுத்து, அட்டைகளைத் தூக்கி எறிந்தேன். அவற்றில் இரண்டு அட்டைகளின் பின்னால் மராத்தியை எழுதப் பயன்பட்ட பழைய மோடி எழுத்து போல் ஏதோ எழுதியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. தஞ்சை மராட்டியக் குடும்பம் ஒன்றின் படங்களாக அவை இருந்திருக்கலாம். இனி அதை யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பன்னிரண்டு படங்களும் இன்று என்னிடம் வெறும் முகங்களாக இருக்கின்றன.

சட்டத்தைத் திறப்பது

சட்டத்துக்குள் இருப்பது ஓர் அடுக்கு. கண்ணாடி, படம், அட்டை, அதன் பின்னே திணித்த பழைய தாள், பலகை, ஆணிகள், ஓரத்தில் ஒட்டிய தாள் என்று வரிசையாக இருக்கும். திறக்கும் முன் முன்னும் பின்னும் படம் எடுங்கள். தரையில் பழைய போர்வையை விரித்துச் சட்டத்தைக் குப்புற வையுங்கள். துருப்பிடித்த ஆணிகளைக் குறடால் பக்கவாட்டில் மெல்ல வளைத்து எடுக்க வேண்டும். மேல்நோக்கி நெம்பினால் கண்ணாடி உடையும்.

ஒவ்வொரு அடுக்காக எடுத்து வரிசையாகப் பரப்புங்கள். எதையும் குப்பைக்கூடையில் போட வேண்டாம். சட்டம் போட்டவர் இடைவெளியை நிரப்பக் கைக்குக் கிடைத்த தாளைத் திணித்திருப்பார். நாட்காட்டித் தாளோ செய்தித்தாளோ இருந்தால், அந்தத் தேதிக்கு முன் அந்தச் சட்டம் போடப்பட்டிருக்க முடியாது என்பது உறுதியாகிவிடும். பின்னாளில் யாராவது திறந்து மீண்டும் மூடியிருக்கவும் கூடும் என்பதால் ஆணிகளின் துரு ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஈரம் பட்டு இளகிய ஜெலட்டின், காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் முகத்தின் தோல் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே மின்படி (ஸ்கேன் போன்ற டிஜிட்டல் நகல்) எடுத்து, அப்படியே பாதுகாத்து வையுங்கள்.

காரைக்குடியில் வாங்கிய தம்பதியர் படத்தை இப்படித்தான் திறந்தேன். பலகைக்கும் அட்டைக்கும் நடுவே, முகம் கீழ்நோக்கி, ஒரு கார்டு சைஸ் படம் இருந்தது. மேலே இருந்த படத்தில் உள்ள அதே நாற்காலி, அதன் வலது கைப்பிடியில் அதே கீறல், பின்னே மாடிப்படி வரைந்த அதே திரைச்சீலை. நாற்காலியில் அதே மனிதர், பத்து வயது இளையவராக, மடியில் ஒரு குழந்தையோடு அமர்ந்திருந்தார். அருகில் நின்ற பெண் வேறு ஒருவர். இறந்தவரா, ஏன் மறைத்தார்கள், அல்லது மறைக்காமல் காத்து வைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. கதை கட்ட எனக்கு உரிமையும் இல்லை. இரண்டையும் ஒரே உறையில், கிடைத்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன். கடைக்காரர் சொன்னபடி கண்ணாடி மாட்டியிருந்தால் இரண்டும் அன்றே போயிருக்கும்.

காலத்தைக் கணிப்பது

ஒரு சான்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று சான்றுகள் ஒரே பத்தாண்டைக் காட்டினால் அதைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.

முகவரியிலிருந்து தொடங்கலாம். அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்க எண் இருந்தால் அதற்குப் பிந்தியது. சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969இல், ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்பது சென்னை ஆனது 1996இல். ரசீதில் நயா பைசா என்று இருந்தால் அது 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. படத்தில் காரோ பேருந்தோ இருந்தால் எண் பலகையைப் படியுங்கள். டி.என். என்ற எழுத்துகளுக்குப் பின் இரண்டு இலக்க வட்டார எண் வரும் முறை, 1989இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் ஏற்பட்டது. ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்டூடியோக்காரர் பழைய அட்டைகளைத் தீரும்வரை பயன்படுத்துவார் என்பதால், முத்திரையை மட்டும் நம்பினால் படத்தை அதன் உண்மையான காலத்துக்கு முன்னே தள்ளிவிடுவோம்.

அஞ்சலட்டைத் தாளாக இருந்தால் முதுகில் தபால்தலை ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள். தாள் தயாரித்த நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்கும். அசோ என்ற கோடாக் தாளில், நான்கு மூலை முக்கோணங்களும் மேல்நோக்கி இருந்தால் சுமார் 1904 முதல் 1918 வரை, இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் சுமார் 1918 முதல் 1930 வரை என்று சேகரிப்பாளர்கள் கணிக்கிறார்கள். இந்து என்ற பெயர் இருந்தால், உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் தாள் அது.

பின்னணித் திரையும் பூந்தொட்டி வைக்கும் முக்காலியும் கம்பளமும் நாற்காலியும் ஒரு ஸ்டூடியோவின் கைரேகை போன்றவை. முத்திரை இல்லாத படத்தில் உள்ள திரையை, முத்திரை உள்ள வேறொரு படத்தின் திரையோடு ஒப்பிட்டே எடுத்த கடையைக் கண்டுபிடித்துவிடலாம். திரையில் ஏற்படும் கிழிசலும் அதைத் தைத்த தடமும் எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்தவும் உதவும். நான் ஒரே ஊரின் திரைச்சீலைகளுக்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறேன். அதில் இப்போது ஒன்பது திரைகள் இருக்கின்றன.

புடவைக் கட்டு, ரவிக்கைக் கை, கைக்கடிகாரம், கிராப்பு ஆகியவையும் உதவும். ஆனால் வயதானவர்கள் தங்கள் இளமைக்காலத்து உடையையே இறுதிவரை உடுத்துவார்கள். எனவே படத்தில் உள்ளவர்களில் மிக இளையவரின் உடையைப் பார்த்துக் கணிப்பது பாதுகாப்பானது. ஸ்டூடியோவில் இரவல் கொடுத்த கோட்டும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். தோள் பொருந்தவில்லை என்றால் அது பெரும்பாலும் இரவல்தான்.

பழைய கேமராவுக்குள் ஃபிலிம் இருந்தால்

பழைய கேமராக்களை வாங்குபவர்களுக்கு எப்போதாவது வாய்க்கும் பேறு இது. ஆக்ஃபா க்ளிக் 3 போன்ற கேமராக்களின் முதுகில் ஒரு சிவப்புச் சாளரம் இருக்கும். அதில் ஓர் எண் தெரிந்தால் உள்ளே 120 ஃபிலிம் இருக்கிறது என்று பொருள். எந்தக் காரணத்துக்காகவும் திறந்து பார்க்காதீர்கள். வெளிச்சமற்ற இடத்தில், திருகியை மிக மெதுவாகச் சுற்றி, எதிர்ப்பு விட்டுப்போகும்வரை கொண்டுபோங்கள். பிறகு, கைகளை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்யும் வெளிச்சம் புகாத இருட்டுப் பையில் வைத்து எடுங்கள். ஃபிலிம் காய்ந்து முறுகியிருக்கும், பின்தாள் ஒட்டியிருக்கும், ஆகவே அவசரம் கூடாது.

உறையில் அல்லது ஃபிலிமின் தொடக்கத் தாளில் உள்ள பெயரைப் படித்து, கருப்பு வெள்ளையா வண்ணமா என்று அறிய வேண்டும். கோடாகலர் எக்ஸ் போன்ற பழைய வண்ண நெகடிவ்கள் சி-22 என்ற ஃபிலிம் கழுவும் முறைக்கு உரியவை. அது ஏறக்குறைய 24 டிகிரியில் செய்வது. இன்றைய சி-41 முறை 37.8 டிகிரியில் நடப்பது. பழைய ஃபிலிமை இன்றைய லேபில் கொடுத்தால், உருவம் பதிந்த படலம் கழன்று அவர்களுடைய ரசாயனத்தையும் கெடுக்கும். கோடாக்ரோம் என்ற வண்ண ஸ்லைடு ஃபிலிமுக்கான ரசாயன முறை 2010 இறுதியோடு நின்றுவிட்டது. இவை எல்லாவற்றையும் கருப்பு வெள்ளையாக மட்டும் கழுவ முடியும். வண்ணம் போனாலும் உருவம் கிடைக்கும்.

காலம் கடந்த ஃபிலிமில் மூட்டம் படிந்திருக்கும். அதைக் குறைவாக எழுப்பும் எச்.சி.-110 என்ற டெவலப்பரை நான் பயன்படுத்துகிறேன். முழுச் சுருளையும் ஒரே தடவையில் போடாமல், முடிவில் உள்ள ஒரு துண்டை வெட்டிச் சோதித்துப் பார்த்து நேரத்தைத் தீர்மானிப்பது நல்லது. நம் ஊரில் மே மாதக் குழாய்த் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் இருக்கும். ஐஸ் கட்டி போட்ட வாளியில் பாத்திரங்களை வைத்து எல்லாக் கரைசல்களையும் கழுவும் நீரையும் 20 டிகிரிக்குக் கொண்டுவராவிட்டால் பழைய படலம் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

எனக்கு இதுவரை கிடைத்த நான்கு சுருள்களில் மூன்றில் வெறும் மூட்டம்தான். நான்காவதில் ஐந்து படங்கள் வந்தன. ராட்டினம் பூட்டிய ஒரு கிணற்றடி, கைப்பிடிச் சுவரில் அமர்ந்து காலை ஆட்டும் ஒரு சிறுமி, அடுத்த படத்தில் அதே சுவர், சிறுமி இல்லை. அந்தப் பன்னிரண்டு படச் சுருளை முடிக்காமல் ஏன் கேமராவை மூடி வைத்தார்கள் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

மின்படி எடுப்பது

தட்டை ஸ்கேனர் இருந்தால், பெரிய படங்களுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), கார்டு சைஸ் போன்ற சிறியவற்றுக்கு 1200, நெகடிவ்களுக்கு 2400 அல்லது அதற்கு மேல் வைத்து, டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். வளைந்த படங்களை ஸ்கேனரின் மூடியால் அழுத்தக் கூடாது. அவற்றுக்குக் கேமராவே ஏற்றது. முக்காலியில் கேமராவைக் கீழ்நோக்கிக் கட்டி, ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்து, மேக்ரோ லென்ஸில் எஃப் 8 வைத்து, இருபுறமும் 45 டிகிரியில் ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளை வைக்க வேண்டும். வெள்ளி மினுமினுப்பு உள்ள படங்களுக்கு, விளக்குகளின் முன் போலரைசிங் தாளையும் லென்ஸில் போலரைசரையும் குறுக்காகத் திருப்பி வைத்தால் பளபளப்பு அடங்கி, மறைந்திருந்த முகம் தெளிவாகும்.

பின்பக்கத்தையும் வெற்றுத்தாளாக இருந்தாலும் எடுங்கள். ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள். கிழிசலை மறைத்து, கறையை நீக்கித் திருத்துவதெல்லாம் நகலில் மட்டும் செய்ய வேண்டும். முதல் கோப்பை அப்படியே விட்டு, அதைக் குறைந்தது இரண்டு வேறு இடங்களில் வைத்திருங்கள். கணினி தானே வண்ணம் பூசித் தரும் வசதிகள் இப்போது நிறைய உண்டு. அந்தப் புடவை அரக்கா பச்சையா என்று அவற்றுக்குத் தெரியாது. அப்படி வண்ணம் சேர்த்ததைப் பகிர்வதானால், வண்ணம் பிற்காலத்தில் சேர்த்தது என்று படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

காத்து வைப்பது

புகைப்படங்களுக்கு ஏற்ற ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காடு. ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரை ஊர்களில் அது எண்பதைத் தாண்டும். ஆகவே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறிய ஈரமானி என்ற ஏற்பாடு வீட்டுக்குப் போதுமானது. ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் போடலாம். பெட்டியைப் பரணிலோ வெளிச்சுவரை ஒட்டிய பீரோவிலோ வைக்காதீர்கள்.

ஒவ்வொரு படத்தையும் அமிலமற்ற தாள் உறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ தனியாக வையுங்கள். பிவிசி உறையும், ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பமும், லேமினேஷனும், செல்லோடேப்பும் படத்தைக் கெடுக்கும். இராமபாணப் பூச்சியும் கரையானும் வராமலிருக்க, அந்துருண்டையையோ வேப்பிலையையோ பெட்டிக்குள் போடுவது நம் வழக்கம். படத்தோடு அவை ஒரே பெட்டியில் இருக்க வேண்டாம். மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதே சிறந்த காவல். பூஞ்சணம் தெரிந்தால், அந்தப் படத்தைத் தனிமைப்படுத்தி, உலர்ந்த இடத்தில் வைத்து, நன்றாகக் காய்ந்தபின் மிக மென்மையான தூரிகையால், முகக்கவசம் அணிந்து, வெளியில் வைத்துத் துடையுங்கள். ஈரத் துணி ஒருபோதும் கூடாது.

நெகடிவ்களில் காடி நெடி அடித்தால் அது அசிடேட் ஃபிலிம் சிதைவதன் அடையாளம். மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைத்து, முதலில் அதைப் படியெடுத்துவிடுங்கள். ஓரத்தில் நைட்ரேட் என்று இருந்தாலோ, 1950க்கு முந்திய ஃபிலிமில் சேஃப்டி என்ற சொல் இல்லாமல் இருந்தாலோ அது எளிதில் தீப்பற்றும் பொருளாக இருக்கலாம். அதை வீட்டுக்குள் குவித்து வைக்காமல், ஆவணக் காப்பகம் ஒன்றின் ஆலோசனையைக் கேளுங்கள்.

அந்த முகங்கள் யாருடையவை

படத்தை விலைக்கு வாங்கினால் அந்தத் தாள்தான் உங்களுடையது. பதிப்புரிமை அதோடு வந்துவிடாது. நூல் அட்டைக்கோ விற்பனைக்கோ பயன்படுத்தும் முன் அதை விசாரிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரக்கூடியவை. எனவே மிகப் பழைய படங்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுவது அவசியம்.

சட்டத்துக்கும் மேலே ஒன்று உண்டு. இறந்தவரை நாற்காலியில் அமர்த்தி, மாலையிட்டு, சுற்றி உறவினர் நிற்க எடுத்த படங்கள் நம் ஊர்ப் பெட்டிகளில் நிறையவே கிடைக்கின்றன. பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான். அவற்றை வேடிக்கைப் பொருளாகப் பொதுவெளியில் போட எனக்கு மனம் வராது. நீங்களும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வாரிசுகள் தெரியவந்தால் நல்ல அச்சுப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள். மூலத்தையே கேட்டால் மூலத்தையே கொடுங்கள். நான் இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். ஒரு வீட்டில் ஒரு பாட்டி, படத்தில் இருந்த தன் அக்காளின் பின்னலைப் பார்த்து, அந்தத் தாழம்பூவைத் தைத்தது யார் என்று பெயர் சொன்னார். அந்தப் பெயர் என் நோட்டில் இருக்கிறது.

கடைசிப் படி, உங்களுக்குப் பின் இவை எங்கே போக வேண்டும் என்பதை இப்போதே எழுதி வைப்பது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்படியாக்கியிருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கிறது. இத்தகைய இடங்களோடு முன்கூட்டியே பேசி, எதை ஏற்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியின் மூடிக்கு உள்பக்கம், நோட்டு எங்கே இருக்கிறது, யாரை அழைக்க வேண்டும், சட்டங்களை விற்றாலும் படங்களை எடுக்கக் கூடாது என்ற மூன்றையும் எழுதி ஒட்டி, வீட்டில் உள்ள ஒருவரிடம் அதைக் காட்டிவிடுங்கள்.